இரண்டையும் சோதித்துச் சொல்லுங்கள்
ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும்: பெற்றோரும் ஜமாஅத்தாரும் அறிய வேண்டியவை

(சீயமங்கலத்தில் ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டம் என்றால் வரவு செலவுக் கணக்கும், கட்டடப் பணியும், கல்வி உதவித் தொகையும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு அவற்றோடு சேர்த்து, நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படுகின்ற ஒரு செய்தியை இந்தச் சபையில் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று எண்ணினோம். "பிள்ளை ஓரிடத்தில் உட்காருவதில்லை", "பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை", "நான்கு வயதாகியும் தானாக ஒரு வாக்கியம் பேசவில்லை", "பள்ளிக்கூடத்திலிருந்து நாள்தோறும் புகார் வருகிறது" என்று தாய்மார்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசும் வேளையில் இளைய பிள்ளையின் நிலை வெளியே தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சமும் அந்தத் தாழ்ந்த குரலில் கலந்திருக்கிறது. அந்த அச்சத்தின் விலையைக் கொடுப்பது பெற்றோர் அல்லர். பேசத் தெரியாத அந்தப் பிள்ளையே கொடுக்கிறது.

இன்று நாம் சொல்ல வந்த செய்தி ஒன்றே. இத்தகைய குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, ஆட்டிசம் உண்டா என்றும், ஏ.டி.எச்.டி. உண்டா என்றும், இரண்டையும் சேர்த்தே சோதித்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். ஒரு பெயர் கிடைத்தவுடன் அதோடு நின்றுவிடலாகாது. ஏன் என்பதையும், நம் ஊர்ப்பக்கத்திலிருந்து அதை எவ்வாறு செய்து முடிப்பது என்பதையும் இயன்ற அளவு விளக்க முற்படுகிறோம்.

இரண்டும் எவை?

ஆட்டிசம் என்பதை அரசு ஆவணங்களில் புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு, குழந்தைக்குச் சிந்தனையே இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மூளையின் வளர்ச்சி பிறப்பிலிருந்தே வேறு விதமாக அமைவதால், பிறரோடு கண்ணாலும் பேச்சாலும் சைகையாலும் உறவாடுவதில் இடர்ப்பாடு உண்டாகிறது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கம் மாறினால் கலங்குதல், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவையும் அதனோடு சேர்ந்திருக்கும். 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இதனை மருத்துவ உலகில் தனியொரு நிலையாக அறியச் செய்தது.

ஏ.டி.எச்.டி. என்பது கவனம் நிலைக்காமையும், மிகையான இயக்கமும், எண்ணிப் பாராமல் செயலில் இறங்குதலும் சேர்ந்த நிலை. எல்லாக் குழந்தைகளும் ஓடத்தான் செய்வார்கள். வயதுக்குரிய அளவை மீறி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது இது காணப்பட வேண்டும். 12 வயதிற்கு முன்பே அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். அன்றாட வாழ்வும் படிப்பும் அதனால் பாதிக்கப்பட வேண்டும். அப்போதுதான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சூட்டுவார்கள்.

இவ்விரண்டும் மனநோய் அல்ல. வளர்ப்பின் குறையும் அல்ல. தாயின் கண்டிப்புக் குறைவாலோ, தந்தை வெளிநாட்டில் இருப்பதாலோ இவை வருவதில்லை. இரண்டிலும் மரபணுவின் பங்கு பெரிது என்பது பல நாட்டு ஆய்வுகளில் நிலைபெற்ற செய்தி.

ஒன்று மற்றொன்றை மறைக்கும் விதம்

ஒரு பிள்ளை பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை என்று வைத்துக்கொள்வோம். காது கேளாமல் இருக்கலாம். பிறர் அழைப்பிற்கு மறுமொழி தர வேண்டும் என்ற உணர்வு ஆட்டிசத்தால் வளராமல் இருக்கலாம். காதில் விழுந்தும், கவனம் வேறொன்றில் பறந்துகொண்டிருக்கலாம். வெளியே தெரியும் செயல் ஒன்றுதான். காரணமோ மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

மற்றொரு பிள்ளை வகுப்பில் இருக்கையை விட்டு எழுந்து எழுந்து ஓடுகிறது. உடம்பை அடக்கி உட்கார இயலாத துடிப்பினால் ஓடலாம். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் ஓசை அதற்குத் தாங்க முடியாத இரைச்சலாக இருப்பதாலும் ஓடலாம். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் தந்தையோடு சென்ற பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடினால், புதுமையைக் கண்டு ஓடியதா, கூட்டத்தின் ஓசைக்கு அஞ்சி ஓடியதா என்பதை உற்றுப் பார்த்தால்தான் அறிய முடியும். காதைப் பொத்திக்கொண்டு ஓடியதா, ஆட்டுக்குட்டியை நோக்கி ஓடியதா என்ற சிறிய வேறுபாடு மருத்துவருக்குப் பெரிய தடயமாகும்.

மூன்றாவது பிள்ளைக்கு நண்பர்கள் இல்லை. விளையாட்டில் தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டாமல் இடையில் புகுவதால் மற்றவர்கள் ஒதுக்கியிருக்கலாம், அது ஏ.டி.எச்.டி.யின் வழி. விளையாட்டில் எவ்வாறு சேர்வது என்பதே புரியாமல் ஓரத்தில் நின்றிருக்கலாம். அது ஆட்டிசத்தின் வழி. இரண்டும் ஒரே குழந்தையிடம் இருந்தாலோ, ஓடுவதும் இடையில் புகுவதும் முன்னே தெரியும். புரியாமையும் கலக்கமும் அதன் பின்னே மறைந்துவிடும். "சேட்டைக்காரப் பிள்ளை" என்ற ஒரே சொல்லில் அத்தனையும் முடிந்துபோகும்.

பெண் குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஓடாமல், ஒருவரோடும் பேசாமல், சன்னலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சிறுமியை நாம் "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டிவிடுகிறோம். கவனம் மட்டும் நிலைக்காமல், துள்ளல் இல்லாமல் வரும் ஏ.டி.எச்.டி.யும் உண்டு, மற்றச் சிறுமிகளைப் பார்த்து அப்படியே நடித்துக் காட்டித் தன் இடர்ப்பாட்டை மறைத்துக்கொள்ளும் ஆட்டிசமும் உண்டு. ஆகவே பெண் குழந்தைகளிடம் இவை கண்டறியப்படுவது பெரும்பாலும் காலம் கடந்தே நிகழ்கிறது.

ஒரு பெயர்தான் என்றிருந்த காலம்

ஒரு குழந்தைக்கு இரண்டும் இருக்கலாம் என்பது இவ்வளவு தெளிவான செய்தியாயின், மருத்துவர்களே ஏன் முன்பு அவ்வாறு சொல்லவில்லை என்ற வினா எழுவது இயல்பு. அதற்கு விடை மருத்துவ நூல்களின் விதியிலேயே இருந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட நான்காம் பதிப்பு வழிகாட்டி நூலில், ஆட்டிசம் முதலிய வளர்ச்சிக் கோளாறு உள்ள குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. என்ற பெயரைத் தனியே சேர்க்கலாகாது என்று விதித்திருந்தார்கள். துடிப்பும் கவனக் குறைவும் ஆட்டிசத்தின் ஒரு பகுதியே என்று கருதினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்பு நோய்ப் பட்டியலும் அவ்வாறே இரண்டையும் பிரித்து வைத்தது. நம் நாட்டு மருத்துவர்களும் இவ்விரு நூல்களைக் கொண்டே பயின்றவர்கள். எனவே ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குச் சீட்டில் எழுதப்பட்டது ஒரே பெயர்.

2013ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தபோது அந்தத் தடை நீக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் இரண்டையும் ஒருசேர எழுத இடமளிக்கிறது. 2019ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஒரு கட்டுரை, ஆட்டிசம் உள்ளவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு ஏ.டி.எச்.டி.யும் உண்டு என்று கணக்கிட்டது. நான்கில் ஒருவருக்கு மேல் என்றால் அது அரிய நிலை அன்று.

நம் நாட்டிலும் கணக்கு எடுக்கப்பட்டுள்ளது. ஹரியானாவின் பல்வல், இமாசலத்தின் காங்ரா, ஒடிசாவின் தேன்கனல், வடகோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகளை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. பார்வை, செவி, பேச்சு, அறிவு வளர்ச்சி, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. முதலிய ஒன்பது நிலைகளை அவர்கள் பார்த்தார்கள். ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளில் ஒருவருக்கு ஏதேனும் ஒன்று இருந்தது. அவ்வாறு இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன. மலைநாடு, கடற்கரை, நகரம், சிற்றூர் என்று எங்கும் காணப்பட்ட ஒன்று, நம் ஊர்களை மட்டும் விட்டுவைத்திருக்கும் என்று நினைப்பதற்கு இடமில்லை.

ஒரு பெயரோடு நின்றால் என்ன நேரும்?

முதலாவது, ஆண்டுகள் கழிந்துவிடும். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஏறத்தாழ 1,500 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதலில் ஏ.டி.எச்.டி. என்றே சொல்லப்பட்டிருந்தது. அத்தகையோருக்கு ஆட்டிசம் உண்டு என்பது மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்றாண்டுகள் தாமதமாகவே தெரியவந்தது. மருத்துவ வசதி மிகுந்த நாட்டிலேயே மூன்றாண்டுகள். பேச்சும் பழக்கமும் விரைந்து வளரும் இளம் பருவத்தில் மூன்றாண்டுகள் என்பது சிறிய இழப்பன்று.

இரண்டாவது, பயிற்சி பொருந்தாமல் போகும். ஏ.டி.எச்.டி. மட்டும் என்று எண்ணினால், வேலையைச் சிறு சிறு பகுதிகளாகக் கொடுப்பதும், உடனுக்குடன் பாராட்டுவதும், பெற்றோருக்குப் பயிற்சி தருவதும் போதும் என்று இருந்துவிடுவோம். அந்தப் பிள்ளைக்குத் தேவையான பேச்சுப் பயிற்சியும், படங்களைக் காட்டி நாளின் ஒழுங்கைப் புரியவைக்கும் முறையும், ஓசைக்கும் தொடுதலுக்குமான ஆக்குபேஷனல் தெரபியும் கிட்டாமல் போகும். ஆட்டிசம் மட்டும் என்று எண்ணினால், பயிற்சி வகுப்பில் இரண்டு நிமிடம்கூட அமர இயலாத பிள்ளைக்கு மணிக்கணக்கில் பயிற்சி கொடுத்துப் பணத்தையும் காலத்தையும் செலவிட்டு, "இவன் முன்னேறவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

மூன்றாவது, மருந்து. ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. ஏ.டி.எச்.டி.க்கோ பயன் தரும் மருந்துகள் உண்டு. மெத்தில்பெனிடேட் அவற்றுள் முதன்மையானது. ஆட்டிசமும் மிகையியக்கமும் சேர்ந்த 5 முதல் 14 வயது வரையிலான 72 குழந்தைகளுக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2005ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பயன் கிடைத்தது. ஆனால் நூற்றுக்கு 18 பேர் பக்க விளைவுகளால் மருந்தை நிறுத்த நேர்ந்தது. ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள குழந்தைகளில் பயன்பெறுவோர் இதைவிட அதிகம். இடையில் நிறுத்துவோர் குறைவு. இதிலிருந்து அறிவது யாது? ஆட்டிசமும் உண்டு என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்தால், குறைந்த அளவில் தொடங்கி, உறக்கத்தையும் பசியையும் எரிச்சலையும் கவனித்து, மெல்ல மெல்ல அளவை மாற்றுவார். தெரியாதிருந்தால், மருந்து ஒத்துக்கொள்ளாததைக் கண்டு வைத்தியத்தையே கைவிடும் நிலை வரும். இம்மருந்தைச் சிறப்பு மருத்துவரின் சீட்டும் மேற்பார்வையும் இன்றி எவரும் கொடுக்கலாகாது என்பதையும் அழுத்திச் சொல்கிறோம்.

நான்காவது, உரிமை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே ஏற்றது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. அவற்றுள் ஆட்டிசமும் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. ஏ.டி.எச்.டி. என்ற பெயர் அந்தப் பட்டியலில் தனியே இடம்பெறவில்லை. ஆகவே இரண்டும் உள்ள பிள்ளையின் சீட்டில் ஏ.டி.எச்.டி. மட்டும் எழுதப்பட்டிருந்தால், மாற்றுத்திறனாளி சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும், தேசிய அறக்கட்டளையின் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடும் அக்குடும்பத்திற்குக் கிட்டாமல் போகக் கூடும். 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது. அந்த உரிமையும் சான்றிதழின் வழியாகவே வருகிறது.

இங்கே இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். சான்றிதழுக்காக ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட, செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் 40 வினாக்கள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அது ஆட்டிசத்தை அளக்கும், ஏ.டி.எச்.டி.யை அளக்காது. எனவே சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதால் முழு மதிப்பீடும் முடிந்துவிட்டது என்று பெற்றோர் எண்ணிவிடக் கூடாது.

நம் ஊர்ப்பக்கத்திலிருந்து செல்லும் வழி

"இதெல்லாம் சென்னையில் இருப்பவர்களுக்கு" என்று சிலர் எண்ணலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டிய குடும்பங்களின் நிலையை மனத்தில் கொண்டே இப்பகுதியைச் சொல்கிறோம்.

முதற்படி அருகிலேயே உள்ளது. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையும் வர வேண்டும். அக்குழுவினர் பார்க்க வேண்டிய நிலைகளின் பட்டியலில் ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடமோ தலைமையாசிரியரிடமோ கேட்டறிந்து, அன்று தாயோ தந்தையோ உடன் இருந்து, கவலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அங்கிருந்து மாவட்ட அளவிலான இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்புவார்கள். குடும்ப அட்டை விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளதா, திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளதா என்பதைப் பொறுத்து அந்தந்த மாவட்ட மையத்தை நாட வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளையாயின், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் அணுகலாம்.

மேல்மதிப்பீடு தேவைப்பட்டால், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், மதிப்பீடும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் தரும் மத்திய அரசு நிறுவனம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

செல்லுமுன் செய்ய வேண்டியவை சில உள. காதையும் கண்ணையும் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறந்தபோது நிகழ்ந்தவை, உட்கார்ந்த மாதம், நடந்த மாதம், முதற்சொல் சொன்ன மாதம், பேசிய சொற்கள் பின்னர் நின்றுபோயினவா, வலிப்பு உண்டா, உறக்கம் எப்படி, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இத்தகைய நிலை உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிள்ளை விளையாடும்போதும், உண்ணும்போதும், பலரோடு இருக்கும்போதும் கைப்பேசியில் இரண்டிரண்டு நிமிடம் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனையின் புதிய இடத்தில் பிள்ளை வேறு விதமாக நடந்துகொள்ளும். வீட்டு நிலையை மருத்துவர் காண அந்தப் படங்கள் உதவும். பள்ளி ஆசிரியரிடம் ஒரு பக்கக் குறிப்பும், மக்தப் ஹஜ்ரத்திடம் ஒரு பக்கக் குறிப்பும் பெற்றுச் செல்ல வேண்டும். ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்ய இரண்டு இடங்களின் சான்று தேவை என்று முன்னரே கண்டோம். நம் பிள்ளைகளுக்கு வீடு, பள்ளி, மக்தப் என மூன்று இடங்கள் உள்ளன. இது நமக்குக் கூடுதலாகக் கிடைத்துள்ள வசதி.

மருத்துவர் முன் அமர்ந்ததும், "ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. இரண்டையும் சோதித்துச் சொல்லுங்கள், இரண்டில் ஒன்று இல்லையென்றால் இல்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள்" என்று பணிவோடும் தயக்கமின்றியும் கேட்க வேண்டும். நல்ல மருத்துவர் எவரும் இதற்கு வருந்தமாட்டார்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். ஆட்டிசத்தின் அறிகுறிகளை ஒன்றரை, இரண்டு வயதிலேயே காணத் தொடங்கலாம். ஏ.டி.எச்.டி.யை நான்கு வயதிற்கு முன் உறுதிப்படுத்துவது அரிது. ஆகவே மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொல்லப்பட்ட பிள்ளையை, ஐந்து ஆறு வயதில் இரண்டாவது வினாவோடு மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வாறே ஏ.டி.எச்.டி. என்று மட்டும் எழுதப்பட்ட பிள்ளைக்குப் பேச்சிலும் உறவாடலிலும் இடர்ப்பாடு தொடர்ந்தால் ஆட்டிசத்திற்கான மதிப்பீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். முழு மதிப்பீடு முடியும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சியைப் பெயர் சூட்டுவதற்கு முன்பே தொடங்கலாம். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் தம்பி தங்கையரையும் தொடக்கத்திலிருந்தே கவனித்து வர வேண்டும். 664 குழந்தைகளைப் பின்தொடர்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அத்தகைய இளையவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு ஆட்டிசம் காணப்பட்டது.

ஏமாறாதிருக்க

பெற்றோரின் துயரத்தை வணிகமாக்குவோரும் உளர். ஸ்டெம் செல் ஊசியால் ஆட்டிசம் குணமாகும் என்று விளம்பரம் செய்து பல லட்சம் ரூபாய் கேட்பவர்கள் உண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குமுறைக் குழு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அச்சிகிச்சையை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்கவில்லை என்றும், அதனை அளிப்பது தொழில் ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்றும் அறிவித்தது. நிலத்தையோ நகையையோ விற்கும் முன் இதனை நினைவில் கொள்ள வேண்டும். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சு 1998ஆம் ஆண்டில் லண்டன் இதழொன்றில் வெளியான கட்டுரையால் பரவியது. அந்த இதழே 2010ஆம் ஆண்டில் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பின்னும் அந்தப் பேச்சை நம்பித் தடுப்பூசியை மறுப்பது குழந்தையைத் தட்டம்மைக்கு ஒப்புக்கொடுப்பதாகும்.

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் வீடுகளில் இயல்பானவை. அவற்றை நிறுத்தும்படி எவரும் கூறவில்லை. அவற்றைக் காரணம் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதே தவறு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அவர்கள் மனநோயாளர்கள், நாம் பேசும் குழந்தைகளின் நிலை வேறு. எனினும், நோயை மறைத்து மனிதரை ஒதுக்கி வைக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த நிகழ்ச்சி என்றும் நிற்கும் பாடம்.

ஜமாஅத்தார் செய்யக் கூடியவை

இப்பெரும் பொறுப்பை ஒரு தாயின் தோளில் மட்டும் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. நிர்வாகக் குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, மக்தபில் அமைதியின்மைக்காகவோ மறதிக்காகவோ பிள்ளையை அடிப்பதும், பலர் முன் நிறுத்தி இகழ்வதும் முற்றிலும் கைவிடப்பட வேண்டும். தொடர்ந்து இடர்ப்படும் பிள்ளையைப் பற்றி ஹஜ்ரத் அவர்கள் பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்லி, குறிப்பும் எழுதித் தர வேண்டும். இரண்டு, மதிப்பீட்டிற்காக வெளியூர் செல்லும் ஏழைக் குடும்பத்திற்குப் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய, கல்வி உதவி நிதியிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். ஒரே வருகையில் வேலை முடிவதில்லை. மூன்று நான்கு முறை செல்ல நேரும். மூன்று, அடையாள அட்டைக்கும் காப்பீட்டிற்கும் இணைய வழியில் விண்ணப்பிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை இதற்கென அமர்த்த வேண்டும். குடும்பத்தின் விவரத்தை வெளியே சொல்லாமல் காக்கும் பொறுப்பும் அவர்களுக்கு உண்டு. நான்கு, தொழுகை வரிசையில் பிள்ளை கையை உதறினாலும் ஒலி எழுப்பினாலும், "வெளியே அழைத்துப் போ" என்று தந்தையைப் பார்த்துச் சொல்லாதிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே பல தந்தையர் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

சம்பந்தம் பேசும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தம்பிக்கு ஆட்டிசம் என்பதற்காக அக்காளின் நிக்காஹ் தடைபடுமானால், அடுத்த வீட்டுத் தாய் தன் பிள்ளையை மருத்துவரிடம் காட்டவே மாட்டாள். ஒரு வீட்டில் நாம் காட்டும் பெருந்தன்மை பத்து வீடுகளின் கதவைத் திறக்கும்.

பெற்றோர்களே! மதிப்பீடு என்பது உங்கள் பிள்ளையின் மீது குத்தப்படும் முத்திரையன்று. பிள்ளைக்கு எது கடினம், எது எளிது, யாரிடம் எந்த உதவியைக் கேட்பது என்பதைச் சொல்லும் வழிக்குறிப்பு அது. குறிப்பில் ஒரு பகுதி எழுதப்படாமல் விடுபட்டால், பாதி வழியில் பிள்ளை தடுமாறும். ஆகவே இரண்டு வினாக்களையும் கேளுங்கள்; இரண்டிற்கும் விடையை எழுத்தில் பெறுங்கள். அடுத்த ஆண்டு அறிக்கையில், இத்தனை குழந்தைகள் மதிப்பீட்டிற்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்ற வரி, வரவு செலவுக் கணக்கோடு சேர்ந்து இடம்பெற வேண்டும் என்பதே நம் விருப்பம்.